கவனக்குறைவு அவருடையதல்ல

வியாழக்கிழமை மதியம் இரண்டரை மணிக்கு, புனே ஹிஞ்சேவாடியில் எங்கள் அலுவலகத்தின் நான்காவது மாடியில் ஒரு கூட்டத்தில் உட்கார்ந்திருந்தேன். சந்தோஷ் மூன்று முறை அழைத்தார். மூன்றாவது முறை வெளியே வந்து எடுத்தேன். சந்தோஷ் எங்கள் சைக்கிள் குழுவில் இளையவர், மராட்டியர், எப்போதும் கூட்டத்துக்கு நடுவே நின்று பேசுவதுபோலச் சத்தமாகப் பேசுகிறவர். அன்று அவர் குரல் எனக்குச் சரியாகக் கேட்கவே இல்லை. "ராகவன் பாய், காகா நஹீ ரஹே" என்று இரண்டாவது முறை சொன்னபோதுதான், காகா போய்விட்டார் என்பது விளங்கியது. காகா என்று அவர் சொன்னது நாச்சிமுத்து அவர்களை. முல்ஷி ஏரிக்கு அப்பால் மலை விளிம்பில் சைக்கிளோடு சரிந்து விழுந்து, காலையிலேயே உயிர் போயிருந்தது. எருமை மேய்க்கிறவர்கள் பார்த்துக் கீழே ஊருக்குச் சொல்லியிருக்கிறார்கள்.

எந்த இடம் என்று கேட்டேன். சந்தோஷ் சொன்னார். நான் கழிப்பறைக்குப் போய்க் கதவைத் தாழிட்டுக்கொண்டு அரைமணி நேரம் வெளியே வரவில்லை.

நாச்சிமுத்து அவர்களை அறியாதவர்களுக்காகச் சிலவற்றைச் சொல்ல வேண்டும். பொள்ளாச்சிப் பக்கம் பிறந்தவர். கோவையில் பம்பு செய்யும் பட்டறைகளில் வேலை கற்று, இருபத்தெட்டு ஆண்டுகளுக்கு முன் புனே வந்தவர். போசரியில் ஒரு தொழிற்சாலையில் வார்ப்பு உருப்படிகளைச் சோதித்துத் தேர்வு செய்யும் பிரிவுக்குத் தலைவராக இருந்தார். இறக்கும்போது வயது ஐம்பத்து நான்கு. வேலை நேரம் போக மிச்சமிருந்த நேரமெல்லாம் மலைச் சைக்கிளில் சஹ்யாத்ரியின் உயர்ந்த மேடுகளிலும் சிகரங்களிலும் புதிய தடங்கள் தேடினார். இன்று புனேயிலிருந்து மேற்கே போகும் மலைச் சைக்கிள்காரர்கள் வரைபடத்தில் பார்த்துப் போகிற தடங்களில் பதினொன்று அவர் பார்த்துச் சொன்னவை. எதிலும் தம் பெயரை அவர் போட்டதில்லை.

இரங்கல் கூட்டத்தில் பேசியவர்கள் நல்லவர், உழைப்பாளி என்றெல்லாம் சொன்னார்கள். பிறகு தேநீர் குடிக்கும்போது வேறு பேசினார்கள். "இந்த வயசுல இதெல்லாம் தேவையா? பொண்டாட்டி இருக்கா, பொண்ணு கல்யாணத்துக்கு இருக்கா, கொஞ்சம் யோசிக்க வேண்டாமா?" என்றார் ஒரு பெரியவர். காவலர் குறிப்பில் வேகமாக ஓட்டி நிலை தவறியதாக எழுதியிருந்தது. தொழிற்சாலையில் உடன் வேலை செய்த ஒருவர், "வேலையில அவ்வளவு கறார், சொந்த உயிர் விஷயத்துல அலட்சியம்" என்றார். நாச்சிமுத்து அவர்களின் மனைவி சாவித்திரி அம்மாள் இரண்டடி தள்ளி நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார்.

நான் கிளம்பும்போது என்னைக் கூப்பிட்டார். "ராகவன், உங்க கூடத்தானுங்க ஏழு வருசம் மலைக்கு வந்தாரு. அவரு அப்புடி அலட்சியமாப் போற ஆளுங்களா? உங்களுக்குத் தெரியுமில்லீங்க" என்று கேட்டார். பதினாறாம் நாள் கொடுக்கும் நினைவு மலரில் நான் எழுத வேண்டும் என்றும் சொன்னார். சரி என்று தலையாட்டினேன்.

அவர் கேட்ட கேள்விக்குப் பதிலைத்தான் இப்போது எழுதுகிறேன். அவர் அலட்சியமாகப் போகவில்லை. அதை உறுதியாகச் சொல்ல என் ஒருவனால்தான் முடியும். எப்படி என்பதை நடந்த வரிசையிலேயே சொல்கிறேன்.

ஏழு ஆண்டுகளுக்கு முன் மருத்துவர் என் எடையைப் பார்த்து முகம் சுளித்ததும், பயத்தில் விலை உயர்ந்த சைக்கிள் ஒன்றை வாங்கினேன். மூன்றாவது வாரம் பாஷாண் குன்றின் பாதி மேட்டில் சங்கிலி அறுந்தது. சுற்றிலும் யாருமில்லை என்ற தைரியத்தில் திருச்சித் தமிழில் வாய்க்கு வந்தபடி அதைத் திட்டிக்கொண்டிருந்தேன். பின்னாலிருந்து, "திட்டுனா சேராதுங்க. அந்தப் பின்னு எங்க விழுந்துச்சுன்னு பாருங்க" என்று ஒரு குரல் வந்தது. மெலிந்த, முழங்கை எலும்பு துருத்திய ஆள். பத்து நிமிடத்தில் சங்கிலியை இணைத்துக் கொடுத்தார். கொடுத்துவிட்டு அப்படியே போகாமல், என் சைக்கிளில் இருந்த மற்ற நான்கு குறைகளையும் வரிசையாகச் சொன்னார். எனக்கு எரிச்சலாக இருந்தது. நான்கும் உண்மை என்பது ஒரு மாதத்துக்குள் தெரிந்தது.

போசரித் தொழிற்பேட்டைக்கு வார விடுமுறை வியாழன். எனக்கோ சனியும் ஞாயிறும். அதனால் வியாழக்கிழமைகளில் அவர் தனியே மலையேறித் தடம் தேடுவார். மாதம் ஒருமுறை ஞாயிறு விடுப்பு எடுத்துக்கொண்டு எங்கள் ஆறு பேரையும் கூட்டிப்போவார். தடம் தேடுவது என்றால் படத்தில் வருவதுபோல் பாறைக்குப் பாறை பாய்வது என்று நினைத்திருந்தேன். அவர் செய்தது பெரும்பாலும் இறங்கித் தள்ளுவதும், உட்கார்ந்து மண்ணைக் கிளறிப் பார்ப்பதும், வழியில் அகப்படுகிறவர்களை விசாரிப்பதும்தான். அவர் மராத்தி முழுக்கப் பொள்ளாச்சி வாசனை அடிக்கும். எருமை மேய்க்கும் தங்கர் குடும்பங்கள் அதைக் கேட்டுச் சிரித்தபடியே வழி சொல்லும்.

ஒருமுறை அப்படி ஒரு தங்கர் அம்மாள் தம் குடிசை வாசலில் எங்களுக்கு மோர் ஊற்றிக்கொடுத்தார். நான் ஏதோ உற்சாகத்தில் "புது வழியக் கண்டுபிடிச்சிட்டோம் சார்" என்றேன். நாச்சிமுத்து அவர்களின் முகம் மாறிவிட்டது.

"கண்டுபிடிச்சோம்னு சொல்லாதீங்க. இந்தம்மா மாமியார் காலத்துல இருந்து இதுல தலைச்சுமையோட நடக்கறாங்க. சைக்கிள் போகுமான்னு நாம பாத்தோம், அவ்வளவுதானுங்க."

அவருடைய முறையை இங்கே விளக்கியாக வேண்டும், ஏனென்றால் எல்லாம் அதில்தான் இருக்கிறது. தொழிற்சாலையில் புதிய அச்சில் வார்த்த முதல் உருப்படியை முழுதும் அளந்து தேர்வு செய்யாமல் இரண்டாவதை வார்க்க விடமாட்டார்கள். அதே வழக்கத்தை அவர் மலைக்குக் கொண்டுவந்தார். ஒவ்வொரு தடத்தையும் துண்டு துண்டாகப் பிரித்து, எங்கள் ஆறு பேருக்கும் பொதுவான ஓர் இணையத் தாளில் வைத்திருந்தார். இடம், பார்த்தவர் பெயர், எப்படிப் பார்த்தார் என்று மூன்று பத்திகள். கடைசிப் பத்தியில் இரண்டு சொற்களுக்குத்தான் இடம் உண்டு. "நடந்து" அல்லது "பார்க்கவில்லை". ஓட்டிப் பார்த்தது கணக்கில் வராது. சைக்கிளில் உட்கார்ந்தவன் கண்ணுக்குப் பாதிதான் தெரியும் என்பார். மழைக்காலம் முடிந்ததும் எல்லாத் துண்டுகளும் மறுபடியும் "பார்க்கவில்லை" ஆகிவிடும். சஹ்யாத்ரியில் நான்கு மாத மழை எந்த ஓரத்தை எங்கே அரித்திருக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. அதனால் ஒவ்வொரு ஐப்பசியிலும் துண்டுகளைப் பங்கு போட்டுக்கொண்டு நடப்போம்.

"பார்க்கவில்லை" என்று இருக்கும் துண்டில் அவர் ஒருநாளும் சைக்கிளில் ஏறி உட்கார்ந்ததில்லை. எவ்வளவு நல்ல தரையாக இருந்தாலும் தள்ளிக்கொண்டே போவார். "நடந்து" என்று இருந்தால் ஓட்டுவார். இதை வாசிப்பவர்கள் தயவுசெய்து நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த விதிக்காக அவர் தேடிக்கொண்ட பகை கொஞ்சமல்ல. ஒரு தடத்துக்காக மூன்று மாதம், ஒரு வியாழன் விடாமல் அலைந்தார். கடைசியில் இருபதடி நீளத்துக்கு ஒரு பாறைச் சரிவு வந்தது. சந்தோஷ் கண்ணை மூடிக்கொண்டு இறங்கிவிடுவார். நான் விழுவேன். நாச்சிமுத்து அவர்கள் என்னைப் பார்த்தார், பாறையைப் பார்த்தார், முழுத் தடத்தையும் வேண்டாம் என்று தள்ளிவிட்டார். "ஒரு இடத்துக்காகவா காகா?" என்று சந்தோஷ் அங்கேயே உட்கார்ந்துவிட்டார்.

"ராகவன் எறங்குனா ஊரே எறங்கும். அவரு விழுந்தா இது கழிவுதானுங்க."

குழுவில் என் வேலையே அதுதான். மெதுவானவன், கனமானவன், பயந்தாங்கொள்ளி. எல்லாரும் கேலி செய்வார்கள். அவர் மட்டும் என்னை ஓர் அளவுகோலாக மதித்தார். அது எனக்குப் பெருமையாக இருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

அவர் தெய்வப் பிறவி இல்லை. கோபக்காரர். சோதித்து முடிக்காத தடம் ஒன்றைச் சந்தோஷ் இணையத்தில் போட்டுவிட்டார் என்பதற்காக இரண்டு மாதம் அவரோடு பேசவில்லை. சந்தோஷ் வீடு தேடிப்போய் மன்னிப்புக் கேட்டும் மனம் இறங்கவில்லை. அழித்துவிட்டேன் காகா என்று காட்டிய பிறகுதான் உள்ளே கூப்பிட்டு அவல் போஹா கொடுக்கச் சொன்னார். அந்த இரண்டு மாதத்தில் எனக்குள் ஒரு பயம் வந்து உட்கார்ந்தது. முடியவில்லை, போகவில்லை என்று அவரிடம் சொல்ல நேர்ந்துவிடக் கூடாது என்ற பயம். சொல்லியிருந்தால் அவர் என்ன செய்திருப்பார்? ஒன்றும் செய்திருக்கமாட்டார். போகாதவனை அவர் திட்டியதே இல்லை. இது எனக்கு அப்போது தோன்றவில்லை.

கடந்த மூன்று ஆண்டுகளாக அவர் மனத்தில் இருந்தது ஒரே தடம். முல்ஷிக்கு மேற்கே, கொங்கணத்தை நோக்கிய விளிம்பில் மூன்று சிகரங்களை, எங்கும் தார் ரோட்டைத் தொடாமல் இணைப்பது. போன கோடையில் அது முடிந்தது. மழைக்குப் பிறகு ஒருமுறை சோதித்துவிட்டால் வெளியிடலாம். ஒன்பது துண்டுகள். ஆறை அவரே நடந்தார். இரண்டைச் சந்தோஷ் நடந்தார். கடைசி மூன்று கிலோமீட்டர், தங்கர் அம்மாளின் குடிசையிலிருந்து மேலே கணவாய் வரைக்கும், எனக்கு.

அது ஒரு சனிக்கிழமை. புனேயை விட்டு வெளியேறும் சாந்தினி சவுக்கில் முக்கால் மணி நேரம் நெரிசலில் நின்று, போய்ச் சேரும்போது பத்தரை. வெயில் சுள்ளென்று அடித்தது. முழங்கால் வலி. மூன்று மணி விமானத்தில் மச்சினர் குடும்பம் வருகிறது, விமான் நகர் விமான நிலையத்துக்குப் போய் அழைத்துவர வேண்டும் என்று மனைவி இரண்டு முறை அழைத்துவிட்டாள். குடிசைக்கு இறங்கும் வழிக்கு முன்னால், ஜீப் பாதை ஒரு வளைவில் திரும்பும் இடத்திலிருந்து பள்ளத்துக்கு எதிர்ப்புறம் அந்தச் சரிவு முழுவதும் தெரியும். காரை அங்கே நிறுத்தினேன். சரிவு முழுக்கப் புல்லும் மஞ்சள் பூவும். நடுவே பாதை கோடாகத் தெரிந்தது. ஏழெட்டு எருமைகள் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன. எருமை போகிற இடத்தில் சைக்கிள் போகாதா என்று நினைத்தேன். காரில் சாய்ந்து ஒரு வடாபாவ் தின்றேன். தின்று கையைத் துடைத்துக்கொண்டு, கைப்பேசியில் தாளைத் திறந்து, என் பெயரை எழுதி, மூன்றாவது பத்தியில் "நடந்து" என்று போட்டேன்.

என் தொழிலில் இது புதிதில்லை. சோதிக்காத மென்பொருளைச் சோதித்தாயிற்று என்று குறித்துவிட்டு, திங்கட்கிழமை ஏதாவது உடைந்தால் பார்த்துக்கொள்வோம் என்று வீட்டுக்குப் போகிற ஆட்களை எனக்குத் தெரியும். நானும் போயிருக்கிறேன். உடைந்தால் சரிசெய்துவிடலாம். அந்தப் பழக்கத்தைத்தான் மலைக்குக் கொண்டுபோனேன்.

அன்று மாலை அவர் அழைத்தார்.

"முழுசா நடந்தீங்களா?"

"நடந்தேன் சார்."

"ஓரமெல்லாம் எப்படீங்க? நடுவுல அந்த வளைவு?"

"கெட்டியா இருக்கு சார். எருமையே போகுது."

"கணவாய் வரைக்கும் போயிட்டீங்கல்ல?"

"போயிட்டேன் சார்."

"ரொம்ப சந்தோசமுங்க. முட்டிக்கு எண்ணெய் போட்டு நீவி விடுங்க. நாளைக்கு வலிக்கும்."

முழுதும் நடந்தாயா என்று மூன்று விதமாகக் கேட்டார். மூன்று முறையும் பொய் சொன்னேன். அடுத்த வியாழக்கிழமை வந்தது. ஒன்பது துண்டுகளும் "நடந்து" என்று ஆகிவிட்டதால், வெளியிடுவதற்கு முன் முழுத் தடத்தையும் ஒரே மூச்சில் ஓட்டிப் பார்க்க அவர் விடியலில் கிளம்பினார். மேலிருந்து கீழே வந்தார். எட்டுத் துண்டுகளை ஓட்டி முடித்துக் கணவாயைத் தாண்டி என் துண்டுக்குள் நுழைந்தார். என் சொல்லை நம்பி, இறங்காமல் ஓட்டினார்.

தகனம் முடிந்தபின் வந்த ஞாயிற்றுக்கிழமை நான் அங்கே போனேன். தங்கர் அம்மாள் என்னை அடையாளம் கண்டுகொண்டு அழுதார். பிறகு மராத்தியில் கேட்டார். "மழைக்கப்புறம் உங்க ஆளுங்க ஒருத்தரும் இந்தப் பக்கம் வரலையே, ஏன்? வந்திருந்தா சொல்லியிருப்பேனே. கீழ்ப் பாதை அடியில அரிச்சுப்போச்சு. நாங்க எருமையைக்கூட மேல புதுசா ஒரு தடம் போட்டுத்தான் ஓட்டறோம்." நான் எதிர்ப்புறத்திலிருந்து பார்த்த எருமைகள் போனது அந்தப் புதிய தடத்தில். குடிசை வழியாக ஏறியிருந்தால், முதல் ஐந்து நிமிடத்திலேயே அந்த அம்மாள் என்னை நிறுத்தியிருப்பார்.

கீழ்ப் பாதையில் நடந்தேன். உடைந்த இடம் நடு வளைவில் இருக்கிறது. எட்டடி நீளம். சரியாமல் மிஞ்சிய பகுதி இப்போதும் மேலிருந்து வருகிறவர் கண்ணுக்குப் புல் மூடிய நல்ல ஒற்றையடிப் பாதை. அடியில் மண்ணே இல்லை. குனிந்து கையை விட்டால் தோள்வரை உள்ளே போகிறது. அதற்குச் சற்று மேலே முன்சக்கரத்தின் தடம் ஈர மண்ணில் பதிந்து காய்ந்திருந்தது, நேராக, பாதையின் உட்புறமாக, சறுக்கிய அடையாளம் ஏதுமில்லாமல். வேகமாக வந்தவன் போட்ட தடம் அல்ல அது. அங்கேயே உட்கார்ந்து அழுதேன். அழுது முடித்தும் மனம் கொஞ்சமும் லேசாகவில்லை. பிறகு மேல் தடத்தில் ஏறிச் சுற்றிக்கொண்டு கணவாய் வரைக்கும் நடந்தேன். உட்கார்ந்த நேரத்தைக் கழித்தால், குடிசையிலிருந்து கணவாய்க்கு ஐம்பது நிமிடம். விமானத்துக்கும் நேரம் இருந்திருக்கும்.

இதுவரை எழுதியதை அச்சுக்குக் கொடுக்குமுன் சாவித்திரி அம்மாளிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். சாப்பாட்டு மேசையில் கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தார். முடித்துவிட்டு முதல் பக்கத்திலிருந்து மறுபடியும் படித்தார். நான் நின்றுகொண்டிருந்தேன். எப்போதும் உட்காரச் சொல்கிறவர், அன்று சொல்லவில்லை.

"அப்ப அவரு பாத்துத்தான் போயிருக்காருங்க" என்றார்.

"ஆமாங்க."

"கேட்டுருக்காரு. மூணு வாட்டி கேட்டுருக்காரு."

"ஆமாங்க."

சமையலறையில் குக்கர் விசில் அடித்தது. எழுந்துபோய் அடுப்பை அணைத்துவிட்டு வந்தார். வந்து தாள்களை அடுக்கி என்னிடம் நீட்டினார்.

"ஒரு எழுத்து மாத்தாமக் குடுத்துருங்க. அன்னிக்கு டீ குடிச்சுட்டுப் பேசுனாங்கல்ல, அவங்க அத்தனை பேரும் படிக்கோணும். பதினாறாம் நாள் வாசல்ல நின்னு இத நீங்களே எல்லாத்துக்கும் கையில குடுங்க. அதுக்கப்புறம் நம்ம வீட்டுக்கு வர வேண்டாமுங்க, ராகவன்."

கோபமாகச் சொல்லவில்லை. அவருடைய கணவர் ஒரு தடத்தை வேண்டாம் என்று தள்ளும்போது பேசுகிற அதே நிதானத்தில் சொன்னார். சரிங்க என்றேன்.

ஆகவே, இதை வாசிக்கிற பெரியோர்களே, இனி அவரைப் பற்றிப் பேசும்போது அலட்சியம் என்ற சொல்லைப் பயன்படுத்தாதீர்கள். அந்தச் சொல்லுக்கு உரியவன் யார் என்று உங்களுக்குத் தெரியும். இன்று காலை வாசலில் நின்று இந்த மலரை உங்கள் கையில் கொடுத்தவன் நான்தான்.

நாச்சிமுத்து சார், வணங்கி விடைபெறுகிறேன். நீங்கள் கேட்டதற்கு என் பதிலைத் திருத்திக்கொள்ளுங்கள். அந்த மூன்று கிலோமீட்டரை நான் நடக்கவில்லை.